முயலுக்குச் சளி, கம்பவுண்டருக்கு மூக்கடைப்பு

மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் என்றால் கொம்பில் குத்துப்பட்டு, குளம்பில் உதைபட்டுப் பிழைக்கிறவன் என்று ஊரில் ஒரு எண்ணம் உண்டு. என்னை ஆட்டி வைத்ததெல்லாம் முயலின் மூக்குத்தான். நான் தென்காசியில் உத்தியோகம் பார்த்த காலத்தில், குற்றாலத்துப் பங்களாக்களில் துரைமார் விட்டுப்போன சீமை முயல்கள் குட்டி மேல் குட்டி போட்டு, உள்ளூர்ப் பெரிய வீடுகளுக்கெல்லாம் பரவியிருந்தன. ஆனி பிறந்து சாரல் இறங்கியதும் மனிதர்கள் உடம்பைத் தேற்றிக்கொள்ளக் குற்றாலத்துக்கு வருவார்கள். அதே சாரலில் முயல்கள் தும்மிக்கொண்டு என்னிடம் வரும்.

காலையில் எழுந்ததும் கணக்கில்லாமல் தும்முகிறவர்களும், இடது மூக்கு திறந்தால் வலது மூக்கு அடைத்துக்கொள்கிறவர்களும், ஆவி பிடித்தே போர்வை நைந்துபோனவர்களும் இதை வாசிப்பார்கள் என்று நம்புகிறேன். மற்றவர்களுக்கு இந்தக் கஷ்டம் சொன்னால் புரியாது.

கைக்குட்டை

எங்கள் டாக்டர் நல்ல மனிதர். ஆனால் கன்றுக்குட்டியைவிடச் சிறிதாக இருக்கிற எதையும் பிராணி என்று மதிக்கமாட்டார். முதல் முயல் வந்த அன்றைக்கு அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது உம்ம கேஸ்" என்று என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். அன்று முதல் அந்த வட்டாரத்து முயல்களுக்கெல்லாம் நானே டாக்டர். படித்து வந்த வித்தை இல்லை. பார்த்துப் பார்த்து, நாலைந்தைச் சாகவும் விட்டு, அப்புறம் வந்த வித்தை.

அப்படிக் கற்ற முதல் பாடம் முன்னங்கால். சளி பிடித்த முயல் முன்னங்காலால் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருக்கும். மூக்கைப் பார்த்தால் சுத்தமாகத் தெரியும். காலின் உள்பக்கத்தைத் திருப்பினால் ரோமம் பசை தடவினதுபோல் சடை பிடித்திருக்கும். குற்றாலத்துக்குச் சீசனுக்கு வந்திருந்த ஒரு மிராசுதார் வீட்டம்மாள், தன் முயலுக்குச் சளியே கிடையாது, சும்மா தீனி எடுக்காமல் கிடக்கிறது என்று சாதித்தார். நான் அதன் காலைத் திருப்பிக் காட்டினேன். அந்த அம்மாள் தன் பட்டுச் சேலையை ஒரு தரம் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"ஏ அய்யா, அப்போ காலையிலேருந்து இது எம் மேல கால வச்சதெல்லாம் பாசத்துல இல்லியா?"

தீர்த்தம்

சளிக்கு முதல் விரோதி ஈரம். இதைக் குற்றாலத்தைச் சுற்றியிருக்கிற ஜனங்களிடம் சொல்லி நம்பவைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. கீழப்பாவூரிலிருந்து ஒரு பண்ணையார் தன் முயலைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்தார். தொட்டால் சில்லென்று இருந்தது, வெடவெடவென்று நடுங்கியது. மழையில் நனைந்ததா என்று கேட்டேன். இல்லையாம். ஐந்தருவியில் ஒரு ஓரமாகப் பிடித்து, பெரிய தண்ணீர் தலையில் விழாதபடி பக்குவமாக மூன்று நாள் குளிப்பாட்டினாராம். 'தலைக்கு எண்ணெய் வைத்தீர்களா' என்று கேட்க வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். அடக்கியது நல்லதாயிற்று; துணியால் துவட்டும்போதுதான் தெரிந்தது, வைத்திருந்தார்.

அடுப்பங்கரைச் சூட்டில் கம்பளித் துண்டைச் சுற்றி உட்காரவைத்ததில் மத்தியானத்துக்குள் நடுக்கம் நின்றது. இனிமேல் இதற்குக் குளிப்பே ஆகாது என்று கண்டிப்பாகச் சொல்லிக் கூடையைக் கையில் கொடுத்தேன். பண்ணையாருக்கு முகம் வாடிவிட்டது.

"என்னவே சொல்லுதீரு? மெட்ராசுலேருந்து ரயிலேறி வந்து குளிக்காவ. பக்கத்துலயே கெடக்க முயலுக்குக் குடுத்து வைக்கலியே!"

பத்து எண்ணும் வரை

இப்போது ஒரு ரகசியம் சொல்லவேண்டும். எனக்கு வாசனையே தெரியாது. இருபது வயதில் பிடித்த பீனிசம் என்ற நாள்பட்ட சளி அப்படியே மூக்கடைப்பாக நிலைத்துவிட்டது. மல்லிகைப் பூவும் பினாயிலும் எனக்கு ஒன்றுதான். ஆஸ்பத்திரியில் இதை யாரிடமும் மூச்சு விடவில்லை. மாட்டின் குளம்புக்குள் அழுகுகிற புண்ணை மோந்தே கண்டுபிடிக்க வேண்டிய உத்தியோகம் அது. டாக்டருக்குத் தெரிந்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்திருப்பார்.

முயல் விஷயத்தில் மோப்பம் இன்னும் முக்கியம். கூண்டை நாள்தோறும் சுத்தம் செய்யாவிட்டால் மூத்திரக் காட்டம் ஏறும். அந்தக் காட்டம் முயலின் மூக்கை உள்ளுக்குள்ளேயே புண்ணாக்கிவிடும். அப்புறம் என்ன மருந்து கொடுத்தும் நிற்காது. ஆகவே நான் ஒரு தந்திரம் செய்தேன். சொந்தக்காரரையே கூண்டுக்குள் தலையை விடச் சொல்லி, நான் பத்து எண்ணும் வரை மூச்சை இழுத்து விடச் சொல்வேன். 'முயலின் மூக்கு இருக்கிற இடத்தில் உங்கள் மூக்கும் கொஞ்சம் இருக்கட்டும்' என்று ஒரு தத்துவமும் சேர்த்துக்கொள்வேன். கம்பவுண்டர் பெரிய ஞானி என்று பேராகிவிட்டது. ஜமீன் பங்களாக் காரியஸ்தர் ஒருவர் நான் ஆறு எண்ணும்போதே தலையை உருவிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய என் முன்னால் நின்றார்.

"நா இதுக்குள்ள ஒரு பொழுது கெடந்தா எம் மூக்கும் ஒழுகத்தான செய்யும்! இந்த முயலு எப்படிவே உசிரோட இருக்கு?"

சீமாட்டி சௌக்கியம்

இலஞ்சியில் ஒரு ரிட்டையர்டு போலீஸ் ஏட்டு இருந்தார். ஊரே அவரை ஏட்டையா என்றுதான் கூப்பிடும். மனைவி காலமாகி வெகு நாளாயிற்று. ஒரே மகள் செண்பகத்தை அந்தத் தை மாதம்தான் செங்கோட்டையில் கட்டிக்கொடுத்திருந்தார். சம்பந்தி வீட்டில் இரண்டு வேட்டை நாய்கள். அதனால் செண்பகம் வளர்த்த வெள்ளை முயல் சீமாட்டி அப்பா வீட்டிலேயே தங்கிவிட்டது. "ஆடிக்கு ஒன்னைய அழைக்க வரும்போது சீமாட்டி வச்சது வச்சபடி இருக்கும்" என்று, வண்டி ஏறுகிற மகளின் கையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறார். பங்குனியிலேயே சீமாட்டி தும்ம ஆரம்பித்துவிட்டது.

நான் போனபோது கூண்டு அவருடைய சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில், கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. முன்னங்காலில் சடை, மூச்சில் ஒரு கரகரப்பு. வழக்கம்போல் அவரைத் தலையை உள்ளே விடச் சொல்லி எண்ணினேன். பத்து வரை அசையாமல் இருந்துவிட்டு வெளியே வந்து, "ஒரு வாடையும் இல்லவே, மணமாத்தான் இருக்கு" என்றார். போலீஸ்காரர் சாட்சி சொன்னால் நம்பாமல் இருக்க முடியுமா? வெந்நீரில் உப்புப் போட்டுப் பஞ்சால் மூக்கைத் துடைக்கவும், தூசி பறக்காமல் தவிட்டைப் பிசைந்து வைக்கவும் சொன்னேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் சீமாட்டியை மடியில் போட்டுக்கொண்டு, தோளில் கிடந்த துண்டாலேயே அதன் மூக்கை ஆசையாகத் துடைத்துவிட்டார். அதே துண்டில்தான் சற்று முன்னால் மூக்குப்பொடி போட்ட விரலையும் துடைத்திருந்தார். இரண்டையும் என் கண்ணால் பார்த்தேன். பொடி போடாத ஆளை நம் பக்கத்தில் தேடித்தான் பிடிக்கவேண்டும். எனக்கு ஒன்றுமே உறைக்கவில்லை.

செண்பகம் வாரத்துக்கு ஒரு கார்டு போடுவாள். மாமியாரைப் பற்றி ஒரு வரி இருந்தால் சீமாட்டியைப் பற்றி நாலு வரி இருக்கும். நான் கிளம்பும்போது ஏட்டையா, தபாலில் சேர்க்க எடுத்துவைத்திருந்த பதில் கார்டை என்னிடம் காட்டினார்.

"'சீமாட்டி சௌக்கியம்'னு எழுதிட்டேன். இனி அதச் சௌக்கியமாக்க வேண்டியது ஒம்ம பொறுப்பு."

புகை

இடையில் ஆய்க்குடியில் ஒரு கேஸ். அந்த வீட்டம்மாள், பிள்ளைகளுக்குத் தலை குளிப்பாட்டிச் சாம்பிராணி போடுகிற மாதிரியே சளி பிடித்த முயல்கள் இரண்டுக்கும் போட்டுக்கொண்டிருந்தார். கோழி கவிழ்க்கிற பஞ்சாரத்துக்குள் இரண்டையும் விட்டு, பக்கத்தில் தூபக்காலை வைத்து, மேலே ஜமுக்காளத்தைப் போர்த்தியிருந்தார். நான் போனபோது முயலைக் காணவில்லை, புகைதான் இருந்தது. முற்றத்துக் காற்றில் கொண்டுவந்து விட்டபின் இரண்டும் மெல்லத் தெளிந்து, அந்த அம்மாளையே வைத்த கண் வாங்காமல் பார்த்தன.

முயலுக்கு மூக்கால்தான் மூச்சு, நம்மைப்போல் மூக்கடைத்தால் வாயால் சமாளிக்கத் தெரியாது, அது வாயைத் திறந்து மூச்சு இழுத்தால் காரியம் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம், புகையே காட்டாதீர்கள் என்று எடுத்துச் சொன்னேன். அவர் கவலை வேறாக இருந்தது.

"அஞ்சு பிள்ளைக்குப் போட்டு வளத்திருக்கேன் அண்ணாச்சி. அதுல ஒண்ணுகூட என்னைய இப்படி மொறச்சுப் பாத்ததில்ல!"

ஆடிக்கு முன்னால்

ஆனிக் கடைசியில் சாரல் விடாமல் பிடித்துக்கொண்டது. ஏட்டையா உடனே வரச் சொன்னதாக ஆள் வந்தது. போனால், சாரலுக்குப் பயந்து ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தி, கூண்டின் நாலு பக்கமும் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார். சாக்கை விலக்கினேன். சீமாட்டி கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அவரை மறுபடியும் தலையை உள்ளே விடச் சொன்னேன். மறுபடியும் பத்து எண்ணினேன். மறுபடியும் "மணமாத்தான் இருக்கு" என்றார். "ஆடிக்கு இன்னும் நாள் இருக்குல்லா? அதுக்குள்ள தேத்திரலாம்லா?" என்று கேட்டார். ஸ்டேஷனில் எத்தனையோ பேரை நடுங்கவைத்த குரல், அன்றைக்கு அதுவே நடுங்கியது.

அந்த நேரம் பார்த்து வாசலில் வண்டி வந்து நின்றது. இறங்கியது செண்பகம். மூன்று மாதமாக முழுகாமல் இருந்தாள்; மசக்கையில் குடித்த தண்ணீர்கூடத் தங்கவில்லை என்று ஆடி வரை காத்திராமல் அனுப்பிவிட்டார்கள். நடையில் ஒரு கால் வைத்தவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். வாந்தி எடுத்து, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எப்பா, தெருமுனைக்கே நாறுது! போதாததுக்குப் பொடி நாத்தம் வேற. வீட்டுக்குள்ள பொடி போடமாட்டேன்னு சொன்னீயள்லா? நீங்க ரெண்டு பேரும் இதுக்குள்ள இருந்துக்கிட்டு என்னதான் பண்ணுதீய?" என்றாள். அப்புறம்தான் சீமாட்டியின் திறந்த வாயைப் பார்த்தாள். அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

முப்பது வருஷம் பொடி ஏறின மூக்கு அவருடையது. அதில் எந்த நாற்றமும் ஏறாது. மகள் போனபின் கேட்பார் இல்லாமல், பொடி டப்பியை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார். மூடின அறையில் மூத்திரக் காட்டமும் பொடியும் சேர்ந்துதான் சீமாட்டியின் மூச்சை அடைத்திருக்கின்றன. இனி மறைத்து என்ன பயன் என்று, எனக்கு மோப்பமே கிடையாது என்பதை அவரிடம் ஒப்புக்கொண்டேன். வெட்கத்தில் என்னால் தலை நிமிர முடியவில்லை. ஏட்டையா என்னையும் கூண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நா ஒம்ம படிப்ப நம்புனேன். நீரு எம் மூக்க நம்புனீரு. வெளங்குனாப்பலதான்!"

செங்கோட்டைக்கு வண்டி கட்டுவதற்கு முந்தின நாள்

அன்று சாயங்காலத்துக்குள் சாக்கையெல்லாம் தூக்கி எறிந்தோம். சாரல் அடிக்காத, ஆனால் காற்றாடுகிற கீழ்ப்புறத் தாழ்வாரத்தில் செங்கல் அடுக்கி, அதன்மேல் கூண்டை வைத்தோம். காய்ந்த மணலைப் பரப்பி வேளைக்கு வேளை மாற்றினோம். செண்பகம் காலையும் மாலையும் வந்து கூண்டை மோந்து பார்ப்பாள்; குமட்டாமல் திரும்பினால் கூண்டு சுத்தம். சீமாட்டி மூன்று நாள் எங்களைப் பயமுறுத்திவிட்டு, நாலாம் நாள் வாயை மூடியது. ஐந்தாம் நாள் ஏட்டையா நீட்டின அறுகம்புல்லைக் கடித்தது. அந்த மனிதர் கண் கலங்கி மூக்கு வழிந்தும், அது தின்று முடிக்கும் வரை கையை எடுக்கவில்லை. சளி முழுசாகப் போகவில்லை. இந்தச் சளி ஒரு தரம் ஒண்டிக்கொண்டால் கூடவே இருக்கும். மூச்சுக்கு இடைஞ்சல் வராமல் பார்த்துக்கொள்வதோடு சரி.

உடம்பு தேறிச் செங்கோட்டைக்குத் திரும்பும்போது செண்பகம் அப்பாவிடம், "இனி கார்டுல சௌக்கியம்னு எழுதாதீய. உள்ளத எழுதுங்க" என்று மட்டும் சொன்னாள். அவளும் போய்விட்டால் கூண்டை மோந்து பார்க்க அந்த வீட்டில் மூக்கு ஏது? ஏட்டையா இரண்டு நாள் யோசித்துவிட்டு, பொடி டப்பியை வாய்க்காலில் வீசினார். அந்த மாதம் முழுக்க என்னைத் திட்டினார், தபால்காரரைத் திட்டினார், எதிரே வந்த மாட்டைத் திட்டினார். தினமும் காலையில் கூண்டுக்குள் தலையை விட்டுத் தாமே பத்து எண்ணுவார். ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று. வாடை ஒன்றும் தெரியவில்லை என்று வந்து சொல்லிவிட்டுப் போவார். நானும் மணலை மாற்றிக்கொண்டே இருங்கள் என்று சொல்வேன்.

கார்த்திகையில் ஒரு நாள். வளைகாப்பு முடிந்த மகளைப் பிரசவத்துக்கு அழைத்துவர மறுநாள் அவர் செங்கோட்டைக்கு வண்டி கட்டவேண்டும். ஆஸ்பத்திரி முழுக்க மாடும் ஆளும். டாக்டர் ஒரு எருமைக்கு மருந்து புகட்டிக்கொண்டிருந்தார். ஏட்டையா இலஞ்சியிலிருந்து நடையும் ஓட்டமுமாக வந்து வாசலில் நின்று மூச்சு வாங்கினார். சீமாட்டிக்கு என்னமோ ஆகிவிட்டது, நாளைக்கு அந்தப் பெண் வந்து வெறுங்கூண்டைத்தான் பார்க்கப்போகிறாள் என்று கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினேன். கிட்டப் போய்ப் பார்த்தால் அவர் முகமெல்லாம் சிரிப்பு. அத்தனை பேருக்கு நடுவில் என் தோளைப் பிடித்து உலுக்கிச் சத்தம் போட்டுச் சொன்னார்:

"நாறுதுவே! கூண்டு நாறுது! பத்து எண்ண முடியல, நாலுலயே தலைய உருவிட்டேன், அப்படி நாறுது!"

இத்தனை வருஷ உத்தியோகத்தில் நான் முழுசாகக் குணப்படுத்திய மூக்கு அது ஒன்றுதான், அதையும் மாட்டாஸ்பத்திரிப் புஸ்தகத்தில் எந்தப் பிராணியின் பேருக்கு நேரே எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.