எஸ்தர் அடிக்காத கோல்

எங்கள் பழைய டிரில் மாஸ்டர் எழுதிய இன்லண்ட் லெட்டர் போன வெள்ளிக்கிழமை ஆலை அலுவலகத்துக்கு வந்தது. திட்டுவதென்றால் அரை மணி நேரம் திட்டுகிற மனிதர், மூன்றே வரி எழுதியிருந்தார். "நம் எஸ்தர் காலமாகிவிட்டாள். மஞ்சள் காமாலை. செவ்வாய்க்கிழமை அடக்கம் ஆயிற்று." சாப்பாட்டு நேரம். டப்பாவைத் திறக்காமலே திரும்பப் பைக்குள் வைத்தேன்.

மறுநாள் பஸ் பிடித்து வாசுதேவநல்லூருக்குப் போனேன். அங்குதான் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் கணவர் நல்ல மனிதர். நாற்காலி போட்டார், குடிக்கக் கலர் வாங்கி வரச் சொன்னார். இரண்டு பிள்ளைகளும் வாசலில் நின்று என்னைப் பார்த்தன.

"நீங்க எஸ்தர்கூடப் படிச்சவங்களா?"

"படிக்கல. கூட வெளையாடுனவ."

"என்ன வெளையாட்டு?" என்று கேட்டார்.

எட்டு வருடம் அவளோடு வாழ்ந்தவர் கேட்ட கேள்வி இது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அரைக்கால் சட்டை போட்டு மைதானத்தில் ஓடின பெண் என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விடுவார்கள் என்று அவள் அம்மா பயந்தாள். அதனால் யாரும் சொல்லவில்லை, எஸ்தரும் சொல்லவில்லை. அடக்கத்தில் போதகர் அவளை நல்ல மகள், நல்ல மனைவி, நல்ல தாய் என்றெல்லாம் சொன்னாராம். பந்தைப் பற்றிப் பேச அங்கே ஆளில்லை. அணியில் இருந்த மற்ற ஒன்பது பேரும் இதை எங்கிருந்து படித்தாலும் சரி, நமக்குத் தெரிந்ததை நாமாவது சொல்லவேண்டும். எனக்கு மட்டும் தெரிந்த ஒன்றும் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் பெண்கள் கால்பந்து அணி என்றால் ஊரே சிரித்தது. டிரில் மாஸ்டர் எங்கிருந்தோ பதினோரு சட்டை வாங்கி வந்தார். பூட்ஸ் ஏழு ஜோடிதான் இருந்தது. யாருக்கு என்று சண்டை வந்தபோது எஸ்தர் வெறுங்காலோடு உள்ளே இறங்கிவிட்டாள். அவள் ஹாஃப். முன்னால் நிற்பவர்களுக்கும் பின்னால் நிற்பவர்களுக்கும் நடுவே நின்று பந்தை வாங்கி, வாங்கவேண்டியவளுக்குக் கொடுக்கிற இடம். நான் முன்னால் நின்று கோல் போடுகிறவள். அவள் வேகமாக ஓடி நான் பார்த்ததே இல்லை. மேல்மூச்சு வாங்க நான் நிற்கும்போதெல்லாம் சொல்வாள்: "ஏட்டி பேச்சி, பந்து ஓடட்டும். நீ எதுக்குக் கெடந்து ஓடுத?"

பந்து ஓடியது. அது வந்து சேரும் இடத்தில் என் கால் இருந்தது, அவ்வளவுதான். ராஜபாளையத்தில் ஒரு ஆட்டத்தில் நான் மூன்று கோல் போட்டேன். மூன்றும் அவள் கொடுத்தவை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தனை பேரும் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கால்பாதத்தில் ஏறிய கருவேல முள்ளை ஊக்கு வைத்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

பத்திரிகைக்கு எங்கள் செய்தியை அனுப்புகிறவர் சைக்கிள் கடை அண்ணாச்சி. நாலு வரிதான் போடுவார்கள் என்பதால் ஊர், எதிரணி, கோல் கணக்கு, கோல் போட்டவர் பெயர் என்பதோடு நிறுத்திக்கொள்வார். அதனால் என் பெயர் பல தடவை வந்தது. எஸ்தர் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை, அந்த ஆலை அறிவிப்பு வருகிறவரை.

பெரிய ஆலை ஒன்று பெண்கள் அணி சேர்த்தது. ஆடுகிறவர்களுக்கு அலுவலகத்தில் நிரந்தர வேலை. எங்கள் மாவட்டத்திலிருந்து ஒருத்தியைத்தான் எடுப்பார்கள். ஆடியதற்குச் சாட்சியாகப் பேப்பர் கட்டிங் ஒன்றாவது வைத்து அனுப்பினால்தான் தேர்வுக்கே கூப்பிடுவார்கள். டிரில் மாஸ்டர் எங்கள் இருவரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார்: "எஸ்தர் ஆடுறத ஒரு தடவ பாத்தான்னா அவளத்தான் எடுப்பான். ஆனா கட்டிங் இல்லாம கூப்புடவே மாட்டான். ஞாயித்துக்கெழம ஆட்டத்துல அவ கோல் போடணும். பேச்சி, பந்து வந்தா நீ அடிக்கப்பிடாது. அவகிட்ட குடு."

சரி என்று தலையை ஆட்டினேன். வீட்டுக்கு நடக்கும்போது எஸ்தர் சொன்னாள்: "எனக்கு வேலகூட அடுத்ததுதான் பேச்சி. அங்கன போனா நாளெல்லாம் ஆடலாம்லா." அவள் அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அம்மா தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். பள்ளிப் பரீட்சை முடிந்ததும் அவளையும் அந்த வேலையில் உட்கார வைக்க வீட்டில் முடிவு செய்திருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது எஸ்தர் நடுவிலிருந்து பந்தை எனக்குத் தட்டிவிட்டு, அவள் ஒருநாளும் வராத தூரம் முன்னால் ஓடி வந்தாள். எதிரணிக் கோல்கீப்பர் என்னைத் தடுக்க வெளியே வந்துவிட்டாள். வலது பக்கம் எஸ்தர் தனியாக நின்றாள். அவளுக்கு முன்னால் கோல் திறந்து கிடந்தது. "பேச்சி!" என்று ஒரு சத்தம். நான் பந்தை உருட்டிவிட்டால் போதும்.

நான் அடித்தேன். கோல் விழுந்தது.

கால் பழக்கத்தில் அடித்துவிட்டது என்று அன்று சொன்னேன், இவ்வளவு காலமாக எனக்கு நானே சொல்லியும் வந்தேன். பழக்கம் கொஞ்சம் இருந்தது உண்மை. ஆனால் அவளைத் தேர்வில் பார்த்துவிட்டால் என்னைத் தேடமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அடிக்கும்போது அது என் மனத்தில் இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் சைக்கிள் கடை அண்ணாச்சி தாளும் பேனாவுமாக வந்தார். டிரில் மாஸ்டர் அவர் காதைக் கடித்தார். அண்ணாச்சி சிரித்துக்கொண்டே, "அதுக்கென்ன, நாலு வரிதான். எஸ்தர் அடிச்சான்னு போட்டாப் போச்சு. யாரு வந்து கேக்கப் போறா?" என்றார்.

எஸ்தர் உடனே மறுத்துவிட்டாள். "அடிக்காத கோலுக்கு எம்பேரா? வேண்டாம் அண்ணாச்சி."

அவர் என் பக்கம் திரும்பினார். "அடிச்சவ நீ. நீ என்னம்மா சொல்லுத?"

போடுங்கள் அண்ணாச்சி, பந்து அவளுடையதுதான் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் அவர் எழுதியிருப்பார். டிரில் மாஸ்டரும் எஸ்தரைச் சம்மதிக்க வைத்திருப்பார். நான் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தேன். முடிச்சு ஏற்கெனவே அவிழ்ந்துதான் இருந்தது. அண்ணாச்சி என் பெயரை எழுதிக்கொண்டார். அப்புறம் எஸ்தர் என் தோளில் தட்டி, "விடுட்டி, கோல்தான விழுந்திருக்கு" என்றாள். ஆறுதலுக்குச் சொன்னாளா, என் மனம் தெரிந்துதான் சொன்னாளா என்று எனக்கு இன்றும் தெரியாது.

தேர்வுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். சுமாராகத்தான் ஆடினேன். எங்கள் மாவட்டத்திலிருந்து வேறு ஆள் வராததால் எடுத்துக்கொண்டார்கள். எஸ்தர் தறிக்கு நூல் சுற்றப் போனாள். இரண்டு வருடத்தில் கல்யாணம். நான் போனேன். வெள்ளைப் புடவையில் அழகாக இருந்தாள்.

ஆலை அணியில் நான் போட்ட கோல்கள் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. பந்து சரியாக வரமாட்டேன் என்கிறது என்று கோச்சிடம் முறையிட்டேன். "வர்ற பந்தை அடிம்மா" என்றார். மூன்று வருடத்தில் அணியையே கலைத்துவிட்டார்கள். வேலை மட்டும் நிலைத்தது.

போன வருடம் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். இளைத்துப்போயிருந்தாள். அணி கலைந்தது அவளுக்குத் தெரியாது. நலம் விசாரிப்பதற்கு முன்னாலேயே, "ஒங்க டீம்ல ஹாஃப் யாரு?" என்று கேட்டாள்.

அணியே இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு பெயரைச் சொல்லி வைத்தேன்.

"நல்லா குடுக்காளா?"

"குடுக்கா."

"அது போதும்" என்று சொல்லிவிட்டு, ராயகிரி வழியாகப் போகிற பஸ் புறப்படப் போகிறது என்று பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினாள். அன்று நான் எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். அவள் ஏறிய பிறகும் பஸ் பத்து நிமிடம் நின்றது.

வாசுதேவநல்லூரில் அவள் கணவரிடம் அவள் ஆட்டத்தைப் பற்றி ஒரு மணி நேரம் சொன்னேன். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டன. கிளம்பும்போது அவர், "அவ்வளவு நல்லா ஆடுனவளுக்கு ஏன் ஒங்கள மாதிரி அந்த மில்லுல வேல கெடைக்கல?" என்று கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து வந்துவிட்டேன்.

அவருக்கான பதிலைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். எஸ்தருடைய போட்டோ ஒன்றும் என்னிடம் இல்லை. அவளுடையது என்று என்னிடம் இருப்பது அவளுக்கு வரவேண்டியிருந்த வேலை. நாளைக் காலை எட்டு மணிக்கு அதற்குத்தான் போகவேண்டும்.