சர்வர் எழும்பாத திங்கட்கிழமைகள்

போனுக்கு ஆப் செய்கிற தொழிலில் பாதி நேரம் எழுதுவதில் போகும்; மீதி நேரம், எழுதியதைப் பார்க்க விடாமல் "தொடங்குகிறது..." என்று சொல்லிக்கொண்டே நிற்கும் திரைக்கு முன்னால் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு இருப்பதில் போகும்.

இதே தொழிலில் கிடந்து மாரடிக்கும் சக பாவிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. நாங்கள் எழுதும் ஆப்பை உடனுக்குடன் போனுக்கு அனுப்ப, லேப்டாப்பில் ஒரு சர்வரை ஓடவிட வேண்டும். அது எழும்பினால்தான் போனில் ஏதாவது தெரியும். எழும்பாவிட்டால் நாள் முழுக்க வேலை செய்தும் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

நான் நாற்பது வயதைத் தாண்டிய பிறகு இதற்குள் விழுந்தவன். அதுவரை ஒரு பெற்றோல் ஸ்டேஷனில் கவுன்ரருக்குப் பின்னால் நின்றேன். பிறகு படித்து, லண்டன் டூட்டிங்கில் ஒரு மளிகைக்கடையின் மேல்மாடியில் இருக்கும் சின்னக் கம்பனியில் சேர்ந்தேன். பரீட்சார்த்தமாகத்தான் எடுத்தார்கள். என் கையில் தந்த முதல் வேலை, பக்கத்து ஊரான சட்டனில் மணவறை சோடித்துக் கொடுக்கும் குகன் அண்ணையின் ஆப். அவருக்குப் பிடித்தால் எனக்கு வேலை நிரந்தரம், பிடிக்காவிட்டால் பழையபடி கவுன்ரர். பார்த்து அந்த ஆப்பின் சர்வர்தான் எழும்ப மாட்டேன் என்று அடம்பிடித்தது.

தள்ளி நிற்கும் வைத்தியம்

பக்கத்து மேசை கார்த்திக் மதுரைக்காரன். எந்தக் கோளாறுக்கும் அவனிடம் ஒரே மருந்துதான்: மூடு, திற. அதற்கும் மசியாவிட்டால் லேப்டாப்பையே அணைத்து எழுப்பு. என் சர்வர் முதன்முதல் நின்றபோது இரண்டையும் செய்து பார்த்தோம். பழைய தற்காலிகக் கோப்புகளைத் துடைத்தோம். போட்டதையெல்லாம் கழற்றித் திரும்பப் போட்டோம். ஒன்றுக்கும் அசையவில்லை. வெறுத்துப்போய் எழும்பித் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால், சர்வர் ஒன்றுமே நடக்காததுபோல ஓடிக்கொண்டிருக்கிறது.

ஏன் என்று தெரியாமல் ஓடுகிற சர்வர், ஓடாத சர்வரைவிட ஆபத்தானது. எனக்கு மனம் ஆறவில்லை. கார்த்திக்குக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. "நீங்க முறைச்சுக்கிட்டே உக்காந்திருந்தா அது எப்படிண்ணே எந்திரிக்கும்? அதுக்கும் வெக்கம் இருக்கும்ல!" என்றான்.

போனுக்குப் பிடித்த கடை

சர்வர் ஒழுங்காக எழும்பிய ஒரு நாளில் போன் முரண்டு பிடித்தது. போனும் லேப்டாப்பும் ஒரே வைஃபையில் இருந்தால்தான் ஒன்றையொன்று கண்டுகொள்ளும். என் போனோ, நான் மத்தியானம் சாப்பிடுகிற பக்கத்துச் சாப்பாட்டுக்கடையின் வைஃபையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நின்றது. காலை முழுவதும் சர்வரைத் திட்டித் தீர்த்த பிறகுதான் இதைக் கண்டேன்.

கீழே இறங்கிப் போய்க் கடைக்கார அக்காவிடம், உங்கள் வைஃபை ஏன் எங்கள் மாடிவரைக்கும் வருகிறது என்று கேட்டேன். கேட்டு முடிந்த பிறகுதான் அது எவ்வளவு விசர்க் கேள்வி என்று எனக்கே விளங்கியது. அவர் எண்ணெய்ச் சட்டியில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "எங்க இருந்தால் வயிறு நிறையும் எண்டு உங்கட போனுக்குத் தெரிஞ்சிருக்கு, தம்பி. நீங்களும் ரெண்டு வடை சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்றார்.

மேசை துடைக்கிற துணி

ஒரு சனிக்கிழமை எட்மண்டனில் இருக்கும் எங்கள் வீட்டில், குசினி மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு சர்வரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பாதி வரி எழுதிவிட்டு அப்படியே நின்றுவிட்டது. என் மனைவி மேசை துடைக்க வந்தாள். லேப்டாப்பும் மேசையின் ஒரு பகுதிதான் என்பது அவளுடைய எண்ணம். ஒரே இழுப்பில் விசைகளையும் சேர்த்துத் துடைத்தாள். துணி என்டர் விசையில் பட்டதுதான் தாமதம், சர்வர் சடசடவென்று ஓடத் தொடங்கியது.

பிறகு தேடிப் படித்ததில் விஷயம் தெரிந்தது. சர்வர் ஓடும் அந்தக் கறுப்புத் திரையில் மவுஸ் தவறுதலாக அழுத்தப்பட்டால், இவர் எதையோ பிரதி எடுக்கப்போகிறார் என்று நினைத்து அது வேலையை நிறுத்திக் காத்திருக்குமாம். என்டர் தட்டினால் விட்ட இடத்தில் இருந்து போகுமாம். இதைப் பெரிய கண்டுபிடிப்பாக மனைவிக்கு விளக்கினேன். பெற்றோல் ஸ்டேஷனை விட்டது சரிதானா என்ற யோசனை அவளுக்கு என்றைக்கும் உண்டு. "இதுக்கோ இவ்வளவு காலம் விழுந்து விழுந்து படிச்சனீங்கள்? என்னட்டைச் சொல்லியிருந்தால் மேசையோட சேர்த்துத் துடைச்சு விட்டிருப்பனே!" என்றாள்.

திங்கட்கிழமைக் காய்ச்சல்

அந்தச் சந்தோஷம் திங்கட்கிழமை காலைவரைதான். அன்று சர்வர் முன்னையைவிட மோசமாக நின்றது. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். வெள்ளிக்கிழமை தட்டுத்தடுமாறியாவது எழும்பும் சர்வர், திங்கட்கிழமை வந்தால் இன்னும் மெதுவாகிவிடுகிறது. திங்கட்கிழமை யாருக்குத்தான் எழும்ப மனம் வரும் என்று கார்த்திக் அதற்குச் சமாதானம் சொன்னான்.

எங்கள் முதலாளி மதுரி இங்கேயே பிறந்து வளர்ந்தவர், என்னைவிட நன்றாக இளையவர். தினமும் காலையில் எல்லாரும் வட்டமாக நின்று நேற்றுச் செய்த வேலையைச் சொல்ல வேண்டும் என்பது அவருடைய சட்டம். கார்த்திக் வரிசையாக அடுக்குவான். என் முறை வந்தால் "சர்வர் எழும்பவில்லை" என்பதோடு சரி. அந்தத் திங்களும் அதைத்தான் சொன்னேன். மதுரி கோபிக்கவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார்: "அண்ணா, நோ பிரஷர். பட் குகன் அங்கிள் ஃப்ரைடே பாக்க வாறார். வேர்க் பண்ணாட்டி வேற கம்பனிக்குப் போயிடுவார், ஓகே?"

மணவறைக்காரர் வந்த நாள்

வெள்ளிக்கிழமை குகன் அண்ணை ஒரு பெட்டி பயற்றம் பணியாரத்தோடு படியேறி வந்தார். நல்ல மனிதர், வாய் நிறையச் சிரிப்பு. போனைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் சர்வரைத் தொடங்கினேன். "தொடங்குகிறது..." என்றது. தேத்தண்ணி வந்தது, குடித்து முடிந்தது, கோப்பையும் கழுவியாகிவிட்டது. திரை அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது.

மதுரி என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். பெற்றோல் ஸ்டேஷன் கவுன்ரர் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. குகன் அண்ணை என் தோளில் தட்டினார். "பதறாதேங்கோ தம்பி. எங்கட கலியாணம் எது சொன்ன நேரத்துக்குத் தொடங்கினது?"

வாசலை மறித்தவர்கள்

ஆறுதல் சொன்ன கையோடு அவர் இன்னொன்றும் சொன்னார். "வீட்டால வெளிக்கிட முதல், போன கிழமைச் சாமத்திய வீட்டுப் படங்களையும் உங்கட போல்டருக்குள்ள போட்டுவிட்டனான்." எனக்குச் சுருக்கென்றது. ஆப்பில் காட்டுவதற்கு நல்ல படங்களாகப் பார்த்துப் போடுங்கள் என்று தொடக்கத்தில் அவருக்கு ஒரு போல்டர் கொடுத்திருந்தேன். அதில் போடுவது நேரே ஆப்பின் கோப்புகளோடு வந்து சேரும். நாலைந்து மணவறைப் படம் வந்திருக்கும் என்ற நினைப்பில் நான் அதைத் திறந்தே பார்க்கவில்லை.

திறந்தால் உள்ளே லண்டன் தமிழ்ச் சனம் முழுக்க நிற்கிறது! கலியாணம், பிள்ளை பெரியபிள்ளையானதற்குச் செய்யும் சாமத்திய வீடு, பிறந்தநாள் என்று ஒவ்வொரு வார இறுதியும் அப்படியே முழுசாக. பந்தியில் வாயும் சோறுமாக இருப்பவர்கள், கண்ணை மூடிக்கொண்டு நிற்பவர்கள், மண்டபத்துக்கு மேலால் ட்ரோன் பறந்து எடுத்த வீடியோ, ஒன்றும் மிச்சமில்லை. சர்வரோ எழும்பும்போது அங்கே இருக்கிற ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்த பிறகுதான் மேற்கொண்டு போகும். மண்டப வாசலில் நின்று எல்லாருக்கும் பன்னீர் தெளிக்கிற பிள்ளையின் நிலைமைதான் அதற்கும். திங்கட்கிழமைக் காய்ச்சலின் காரணம் அப்போது விளங்கியது: வார இறுதியில் எடுத்ததை அவர் பெரும்பாலும் ஞாயிறு இரவே போட்டுவிடுவாராம். ஏன் அண்ணை எல்லாவற்றையும் போட்டீர்கள் என்று கேட்டேன். "ஒரு வீட்டுப் படத்தைப் போட்டு மற்ற வீட்டை விட்டால், பிறகு ரோட்டில கண்டாலும் கதைக்க மாட்டினம் தம்பி. அதுதான் ஒருத்தரையும் விடேல்லை."

அந்தப் போல்டரை அப்படியே தூக்கி வெளியே வைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு சர்வரைத் திரும்பத் தொடங்கினேன். கண்மூடித் திறப்பதற்குள் எழும்பிவிட்டது. குகன் அண்ணையின் போனில் அவருடைய தாமரை மணவறை பளிச்சென்று வந்தது. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கார்த்திக்குக்குக் காட்டினார், மதுரிக்குக் காட்டினார், கடைசியில் எனக்கே காட்டினார். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. ஒருவரையும் அழிக்கவில்லை, எல்லாரும் வெளியே வேறு இடத்தில் பத்திரமாக இருக்கிறார்கள், வேண்டும்போது ஒவ்வொருவராகக் கூப்பிடலாம் என்று அவருக்குச் சொன்னேன். "அப்ப எங்கட சனம்தான் வாசலை மறிச்சுக்கொண்டு நிண்டிருக்கு. பரவாயில்லை, வெளியால இருக்கட்டும். சாப்பாட்டு நேரத்துக்குக் கூப்பிட்டால் சரி" என்றார்.

அவர் படியிறங்கிப் போனதும் மதுரி ஒரு பணியாரத்தைக் கடித்தபடி என் மேசைக்கு வந்தார். "ஓகே அண்ணா, யூ ஆர் பெர்மனென்ட். பட் ப்ளீஸ், இனிமேல் போல்டரைத் திறந்து பாருங்கோ!"

அன்றையில் இருந்து எந்த வாடிக்கையாளர் வந்தாலும், என்ன போன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பதற்கு முன்னால், சொந்தக்காரர் எத்தனை பேர் என்று கேட்டுவிடுகிறேன்.