பேய்வீட்டில் நின்ற புவனம் அக்கா

காலையில் தையல் மெஷினில் இருந்தபோது ஒழுங்கையால் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று மெதுவாகப் போனது. ஓமந்தையைச் சேர்ந்த புவனேஸ்வரி காலமானார் என்றது. அந்தப் பெயரில் எனக்கு ஆரையும் தெரியாது என்று தையலைத் தொடர்ந்தேன். பிறகு உறவுகளை வாசித்தார்கள். "காலஞ்சென்ற இராமையாவின் பாசமிகு மனைவியும், யோகேஸ்வரியின் அன்புச் சகோதரியும்..." அப்போதுதான் கால் மிதியில் நின்றது. எங்கள் புவனம் அக்கா! இங்கே மரண அறிவித்தல் எழுதும்போது சண்டை சச்சரவு பார்ப்பதில்லை. முகத்தில் முழிக்காதவர்களையும் அன்புச் சகோதரியாக்கி ஊரெல்லாம் கேட்கச் சொல்லிவிடுவார்கள். உயிரோடு இருக்கும்போது இதை ஒருவர் சொல்லியிருக்கக் கூடாதா என்று முதலில் ஆத்திரம்தான் வந்தது. அழுகை பிறகுதான் வந்தது.

வவுனியாவுக்குக் காணிவேல் களியாட்டம் வந்தபோது, பேய்வீடு என்று எழுதிய தகரக் கொட்டகைக்குள் போய், அலறிக்கொண்டு மற்றப் பக்கத்தால் ஓடிவந்தவர்களே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். கடைசி அறையின் மூலையில் தலைமயிரை முகத்துக்கு முன்னால் விரித்துப்போட்டபடி நின்றதே ஒரு வெள்ளைச் சேலை, அதுதான் புவனம் அக்கா. உங்களுக்கு அவரைத் தெரியும். முகம்தான் தெரியாது.

நானும் அவரோடு ஒரே ஒரு பகல்தான் பழகினேன். பேய்களுக்கு உடுப்புத் தைத்துக் கொடுக்கப் போனவள் நான். அன்றைக்கென்று சவப்பெட்டிக்குள் பிணமாகப் படுக்கிற பிள்ளைக்குக் காய்ச்சல். "அக்கா, இண்டைக்கு மட்டும் படுத்து எழும்பித் தாங்கோ" என்று முதலாளி காலில் விழாக் குறையாகக் கேட்டார். வெளியூர் மனிசன், பாவம். வீட்டில் எனக்காகக் காத்திருக்கவும் ஒருவரும் இல்லை. சரி என்று படுத்தேன்.

முகத்தில் மாவைப் பூசிவிட்டது புவனம் அக்காதான். தகரத்துக்குள் இருந்த வெக்கையில் அது வேர்வையோடு குழைந்து வடிந்தது. என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேய் மாதிரி இல்லைத் தங்கச்சி, சுடாத ரொட்டி மாதிரி இருக்கிறியள்" என்றார். எத்தனை நாளைக்குப் பிறகு அப்படிச் சிரித்தேனோ தெரியாது. பெட்டிக்குள் படுத்த பிறகும் வயிறு குலுங்கியது. பிணம் சிரித்தால் சனம் பயப்படாது என்று அதற்கும் ஒரு பேச்சு வாங்கினேன்.

அவர் வேலை செய்த விதத்தைச் சொல்லவேண்டும். அந்த அறையில் ஆட்கள் நடுவே வந்ததும் பெரிய வெடிச்சத்தம் ஒன்று கேட்கும்படி முதலாளி ஒலிபெருக்கி ஒன்று பொருத்தி வைத்திருந்தார். வேறு ஊர்களில் அதற்குச் சனம் துள்ளிக் கத்துமாம். இங்கே நடந்தது வேறு. முதல் நாளே, நடுவயது தாண்டியவர்கள் எல்லாம் சண்டைக்காலம் போலப் பிள்ளைகளைக் கீழே அமத்திக்கொண்டு நிலத்தில் குப்புற விழுந்துவிட்டார்கள். புவனம் அக்கா அன்றிலிருந்து காலையில் வந்ததும் அந்த வயரைக் கழற்றிவிடுவார். "கத்துறவையை நல்லாப் பயப்பிடுத்துங்கோ, அவை அதுக்குத்தான் வந்தவை. சத்தம் போடாமல் நிக்கிறவைக்குக் கிட்டப் போகாதேங்கோ. அவைக்கு வேற என்னவோ ஞாபகம் வந்திட்டுது" என்று எனக்கும் சொன்னார்.

இடையில் ஆட்கள் வராத நேரம், பெட்டியின் விளிம்பில் குந்தியிருந்து ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தோம். புருசன் செத்த பிறகு தனியாகத்தான் இருக்கிறாராம். பிள்ளைகள் இல்லை. இந்த வேலைக்கு ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். "இதுக்குள்ள நிண்டா எத்தினை சனம் என்னைப் பாத்துக் கத்துது. வீட்டில நிண்டா நாய் கூடக் குரைக்காது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். என் வீட்டிலும் அதே கதைதானே.

மத்தியானச் சாப்பாட்டுக்கு நாங்கள் வெளியே போன நேரம் முதலாளி வயரைத் திரும்பப் பூட்டிவிட்டார். எங்களுக்குத் தெரியாது. சாப்பாட்டுக்குப் பிறகு முதலாவதாக வந்தது வயதான ஒரு அம்மாவும் பேத்தியும். வெடிச்சத்தம் கேட்டது. "அம்மாளாச்சி!" என்று கத்தியபடி அந்த அம்மா பேத்தியின் மேல் விழுந்து மூடிக்கொண்டார். பேத்திக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் பெட்டியிலிருந்து எழும்புவதற்குள் புவனம் அக்கா மூலையிலிருந்து ஓடிவந்துவிட்டார். குனிந்தவர் அப்படியே நின்றார். நான் அதைப் பார்த்தேன். பிறகு கையைப் பிடித்துத் தூக்கி, ஒரு சொல்லும் பேசாமல், தலைமயிர் முகத்தை மூடியிருக்க, அந்த அம்மாவை வாசல் வரைக்கும் நடத்திக்கொண்டு போனார். அவரும் பேயின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே போனார். பேத்திதான் வழியெல்லாம் கத்திக்கொண்டு போனாள்.

திரும்பி வந்து, "என்ர அக்கா" என்றார். ஒரு வயிற்றுப் பிறப்பு. புவனம் அக்கா கட்டியது செட்டிகுளத்தில் குடியிருந்த மலைநாட்டுக் குடும்பத்துப் பெடியனை. தோட்டத்துச் சனம் என்று அந்தக் கலியாணத்துக்கு யோகேஸ்வரி வரவில்லை. இராமையாவின் செத்தவீட்டுக்கும் வரவில்லை. "கலியாணத்துக்கு வராததை மறந்திட்டன். அந்த மனிசனைக் கிடத்தியிருக்கேக்க வாசலையே பாத்துக்கொண்டிருந்தன். அதை எப்பிடி மறக்கிறது?" என்றார். இப்போது கதைத்திருக்கலாமே என்றேன். "அவா என்னை ஆரெண்டு கேட்டிருந்தாக் கதைச்சிருப்பன். கேக்கேல்லையே" என்றார். அடுத்த ஆட்கள் வரும் சத்தம் கேட்டது. அவர் மூலைக்குப் போனார், நான் படுத்தேன். அன்று பின்னேரம் வரைக்கும் வந்தவர்கள் எவரையும் அவர் பயப்படுத்தவில்லை. சும்மா நின்றார். அதற்கும் கத்தினார்கள்.

புவனம் அக்காவின் செத்தவீட்டில் ஆட்கள் குறைவு. பந்தலுக்குள் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. யோகேஸ்வரி தலைமாட்டில் இருந்தார். "நீங்கள் ஆர் பிள்ளை?" என்று கேட்டார். "காணிவேலில பெட்டிக்குள்ள கிடந்த பிணம் நான்தான் அம்மா" என்றேன். வேறு எப்படிச் சொல்வது?

"அப்ப உங்களுக்குத் தெரியும்" என்றார். "என்னைத் தூக்கின உடனேயே எனக்கு விளங்கீட்டுது. சின்னனில நான் பிடிச்சுப் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போன கையெல்லே. அவளாக் கதைக்கட்டும் எண்டு பாத்தன். வாசல் வந்திட்டுது."

இரண்டு பேரையும் நிற்க வைத்து ஏசவேண்டும் போல் இருந்தது. ஒருவர் கிடந்தார். மற்றவர் தலைமாட்டில் ஒடுங்கிப்போய் இருந்தார்.

"நான் போன பிறகு என்னைப் பற்றி ஏதும் சொன்னவளோ?" என்று கேட்டார்.

புவனம் அக்கா சொன்னதில் ஒன்றை இவ்வளவு நேரமும் நான் எழுதவில்லை. அது அவருக்குரியது என்று நினைத்தேன். "'அக்கா மெலிஞ்சு போனா, கையில எலும்புதான் கிடக்கு, சாப்பிடுறாவோ தெரியேல்லை' எண்டு சொன்னவா அம்மா." யோகேஸ்வரி தன் மணிக்கட்டைத் தானே பிடித்துப் பார்த்தார். பிறகு குனிந்து தங்கச்சியின் கால்களைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் எழும்பி வெளியே வந்தேன்.

அதை அவரிடம் கொடுத்துவிட்டேன். எனக்கென்று ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. அன்று பேய்வீட்டில் அக்காவை வெளியே விட்டுவிட்டு வாசல் கறுப்புச் சீலையை இழுத்து மூடிய பிறகு, அந்தச் சீலைக்கு நேரே நின்று புவனம் அக்கா ஒருமுறை "அக்கா" என்று கூப்பிட்டார். கூப்பிட்டது மெதுவாகத்தான். கேட்கவேண்டியவர் வெயிலில் இறங்கிப் போய்விட்டார். கேட்டது நான் மட்டும்.