அரை மில்லிமீட்டர் ஆட்டுத்தோல்

பாளையங்கோட்டையில் எங்கள் சர்ச்சின் மின்விசிறிகளுக்கு இரண்டே நிலை உண்டு. ஒன்று, நிற்பது. இன்னொன்று, புயல். அந்த ஞாயிற்றுக்கிழமை புயல். பாடகர் குழுவின் இரண்டாம் வரிசையில் நின்ற அம்மா பாட்டுப் புத்தகத்தைத் திறந்ததும் ஒரு தாள் கழன்று மேலே எழுந்து, ஆண்கள் பக்கம் போய், ஒருவருடைய வழுக்கைத் தலையில் இறங்கியது. அவர் அதை எடுத்து, என்ன பாட்டு என்று பார்த்துவிட்டு, பின்னால் இருந்தவரிடம் கொடுத்தார். கை மாறிக் கை மாறிப் பெண்கள் பக்கத்தில் இருந்த என்னிடம் அது வந்து சேர்ந்தபோது கடைசிச் சரணம் ஓடிக்கொண்டிருந்தது.

தாளின் உள்விளிம்பில் ஒரு செல்லோடேப். அதன் மேல் காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரி. அதன் மேல் மறுபடியும் செல்லோடேப். எல்லாரும் பாடிக்கொண்டிருக்க, நான் அந்த அடுக்கைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கிப் பார்த்தேன். அரை மில்லிமீட்டர் இருக்கும். வீட்டில் என் கட்டிலுக்கு அடியில் அதே கனத்தில் ஒரு கட்டு ஆட்டுத்தோல் கிடந்தது. எல்லாரும் ஆமென் சொன்ன இடத்தில் நான் "அட" என்றேன்.

அந்தக் கட்டு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே லேப்டாப்பில் வேலை பார்க்கிறேன். வேலை முடிந்தால் கைக்கு வேலை இல்லை. இணையத்தில் தோல் வேலை வீடியோக்களைப் பார்த்து ஒரு சாவிக்கொத்தும் ஒரு கத்தி உறையும் செய்தேன். இரண்டும் நன்றாக வந்ததால் என்னைத் தோல் கலைஞர் என்று முடிவு செய்துகொண்டு வாணியம்பாடியில் ஒரு தோல் வியாபாரியைப் போனில் பிடித்தேன். ஷூ கம்பெனிகளில் மிஞ்சிய தோலை அவர் கட்டுக் கட்டாகத்தான் விற்பார். "அரை எம்.எம்.தாம்மா, லைனிங்குக்குப் போடுறது" என்று தெளிவாகவே சொன்னார். நான் அதைவிடத் தெளிவாக ஒரு கணக்குப் போட்டேன். இரண்டைச் சேர்த்து ஒட்டினால் ஒரு மில்லிமீட்டர், பர்ஸ். நான்கைச் சேர்த்து ஒட்டினால் இரண்டு மில்லிமீட்டர், பெல்ட்.

அம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியை. கணக்கில் தவறில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார்.

ஒட்டிய தோல் காய்ந்ததும் பொரித்த அப்பளம் மாதிரி நாலு பக்கமும் எழும்பி நின்றது. பர்ஸ் மேஜையில் வைத்தால் படுத்துக்கொண்டது. தம்ளருக்கு அடியில் வைக்க வட்டம் வெட்டினேன். தம்ளரை எடுத்தால் வட்டமும் கூடவே வந்தது. பெல்ட்டை அப்பா ஒருநாள் அலுவலகத்துக்குக் கட்டிக்கொண்டு போனார். மத்தியானத்துக்குள் அது முறுக்கிக் கயிறாகிவிட்டது. சாயங்காலம் வந்து, "நல்லாத்தான் இருக்கும்மா. ஒரு கையால பிடிச்சுக்கிட்டா போதும்" என்றார். அப்பா யாரையும் குறை சொல்ல மாட்டார்.

என் கல்லூரித் தோழி, மேலப்பாளையத்துக்காரி, பர்ஸை விரலில் தூக்கிப் பார்த்தாள்.

"ஏளா, இது பர்ஸா, ஆப்பமா?"

"பர்ஸுதான்."

"சரி. அதுக்காக துஆ செய்யுதேன்" என்று பிரார்த்தனைக்குக் கை ஏந்தினாள்.

அம்மாவின் கவலை வேறு. "இவ்வளவு ஆட்டோட வயித்தெரிச்சலையும் கட்டிலுக்கு அடியில வச்சிக்கிட்டு எப்பிடிட்டி தூங்குத?"

ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன். "அம்மா, பாட்டுப் புத்தகத்தைத் தா. தோல்ல முதுகு போட்டுத் தாரேன்."

"எதுக்கு?"

"தாள் பறக்குல்லா."

"பறந்தா என்ன? திரும்பி வந்துட்டுல்லா."

"பெல்ட் மாதிரி ஆகாதும்மா."

"பெல்ட்டை அப்பா ஒரு கையால பிடிச்சாவ. நான் புத்தகத்தையே ரெண்டு கையாலதான் பிடிக்கேன்."

அம்மா பயந்ததற்குக் காரணம் இருந்தது. கடையில் அதே புத்தகம் புதிதாகக் கிடைக்கும். அம்மாவின் புத்தகம் கிடைக்காது. அதன் ஓரங்கள் முழுக்கப் பென்சில் குறிகள். எங்கே மூச்சு விட வேண்டும், எங்கே மேல்குரல்காரர்களுக்காகக் காத்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு வரிக்கும் உண்டு. ஓர் இடத்தில் 'இங்கே மாஸ்டர் முறைப்பார்' என்றுகூட எழுதியிருக்கும். அடுத்த மாதம் சர்ச்சில் ஸ்தோத்திரப் பண்டிகை, வருடத்துக்கு ஒருமுறை வரும் நன்றித் திருநாள். இத்தனை வருடம் கூட்டத்தோடு கூட்டமாகக் கீழ்க்குரலில் பாடிய அம்மாவுக்கு, பண்டிகைப் பாட்டில் முதல் முறையாகத் தனியாக இரண்டு வரி கொடுத்திருந்தார்கள். அந்த இரண்டு வரிக்கு நடுவில் எங்கே மூச்சு விடுவது என்பது அந்தப் புத்தகத்தில் மட்டும்தான் இருந்தது. பாத்திரம் கழுவும்போதும் அந்த இரண்டு வரிதான். அப்பா டிவியின் சத்தத்தைக் குறைத்தே வைத்திருந்தார்.

"முதல்ல வேற யார் புத்தகத்தையாவது பண்ணு" என்றார் அம்மா. "அது பிழைச்சா பாப்போம்."

தோழிக்குப் போன் செய்தேன். அவர்கள் வீட்டில் ஒரு பழைய அரபுக் கிதாபு, அட்டை தனியாகவும் உள்ளே தனியாகவும், துணியில் பொதிந்து இருந்தது. தன் உம்மாவிடம் கேட்டுத் தருவதாகச் சொன்னாள். பிறகு அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ஏளா, இது என்ன தோலு? எங்க அண்ணன் துபாய்ல செருப்புக் கடையில நிக்கான்லா. லைனிங்ல பன்னித் தோலும் வரும்னு சொல்லுதான்."

அவள் வீட்டுக்கே போய், அவள் முன்னால் வாணியம்பாடிக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன். வியாபாரியின் குரல் உயர்ந்தது.

"ஏம்மா, நான் ஹஜ்ஜுக்குப் போய்ட்டு வந்தவன். என்கிட்ட கேக்குற கேள்வியா இது?"

தோழி போனைப் பிடுங்கி ஸலாம் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். பிறகு இருவரும் நெடுநேரம் பேசினார்கள். ஆற்றில் தண்ணீர் வருகிறதா, அல்வா இன்னும் அதே ருசிதானா, எல்லாம் விசாரித்தார். கடைசியில் போன் என் கைக்கு வந்தபோது கேட்டார். "ஆமா, நாலு தோலை ஒட்டி பெல்ட் பண்ணப்போறேன்னு சொன்னியே. என்னாச்சும்மா?"

"நல்லாத்தான் இருக்குங்க" என்றேன்.

உம்மா மைதாவில் பசை காய்ச்சிக் கொடுத்தார். பூச்சி அரிக்காமல் இருக்க அதில் ஒரு சிட்டிகை மயில்துத்தம். கிதாபை என் முன்னால் வைத்து, "முதுகு உன் வலது கைப் பக்கம் இருக்கணும். அப்பதான் மேல இருக்கது முன்னட்டை. பைய ஒட்டு" என்றார். பைய ஒட்டினேன். பசையில் ஊறியதும் தோல் பாலாடை போலக் குழைந்து, முதுகின் ஒவ்வொரு தையல் மேட்டிலும் போய்ப் படிந்தது. பெல்ட்டுக்கு எந்தக் குணம் ஆகாதோ, அதே குணம் இங்கே வேலை செய்தது. முன்னட்டையில் கருந்தோலில் ஒரு நட்சத்திரமும் வெட்டி ஒட்டினேன். காய்ந்த பிறகு திறந்தால் கிதாபு எந்தப் பக்கத்திலும் விரிந்து படுத்தது. உம்மா அதை முத்தமிட்டு, அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். தோழி, "நான் பர்ஸுக்குத்தான் துஆ கேட்டேன். இடம் மாறி வந்துட்டு போல" என்றாள்.

இரண்டு நாளைக்கு அந்தக் கிதாபைக் கடன் வாங்கி அம்மாவிடம் காட்டினேன். அம்மா கையைக் கழுவித் துடைத்துவிட்டு வாங்கினார். திறந்து, மூடி, கவிழ்த்துப் பிடித்து மெதுவாக உதறியும் பார்த்தார். ஒன்றும் விழவில்லை.

"சரி, தாரேன். பென்சில் குறி ஒண்ணு அழிஞ்சிருந்தாலும் நீ உங்க கம்பெனிக்கே போய்ப் படுத்துக்கோ."

பழைய டேப்புகளை முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டி ஒவ்வொன்றாக உரித்தேன். பென்சில் குறி இருந்த ஓரங்களில் மூச்சுகூட விடவில்லை. குறி எங்கே இருந்ததோ அங்கே அம்மாதான் விட வேண்டும். கழன்ற தாள்களைச் சேர்த்துத் தைத்தேன். பழைய அட்டையின் எழுத்தெல்லாம் மறைகிற அளவுக்குத் தோலை வெட்டி, உம்மா சொன்ன அளவில் பசை காய்ச்சி, உம்மா சொன்ன மாதிரியே முதுகை வலது கைப் பக்கம் வைத்து ஒட்டினேன். கிதாபுக்கு நட்சத்திரம் என்றால் இதற்குச் சிலுவை. கருந்தோலில் வெட்டி, அம்மாவின் ஸ்கேலால் நாலு பக்கமும் அளந்து, இம்மி பிசகாமல் ஒட்டினேன்.

காய்கிற வரைக்கும் மேலே கனம் வேண்டும். ஸ்ரீவைகுண்டத்துச் சித்தப்பா வயலிலிருந்து வந்த அரிசி மூட்டையைத் தூக்கி வைத்தேன். மூட்டையை யாரும் அசைக்கக் கூடாது என்பதால் வீட்டில் சோறு இல்லை, கோதுமை தோசைதான். அப்பா, "நல்லாத்தான் இருக்கு" என்றார். அதற்குப் பிறகு அந்த வார்த்தையை நான் எதிலும் நம்புவதில்லை.

பண்டிகை அன்று காலையில்தான் புத்தகத்தை மூட்டைக்கு அடியிலிருந்து எடுத்தோம். அம்மா பட்டுப்புடவையோடு அடுக்களையில் நின்று நேராகத் தன் பக்கத்தைத் திறந்தார். பென்சில் குறிகள் எல்லாம் அப்படியே இருந்தன. பக்கம் காற்றில் புரளாமல் படுத்துக் கிடந்தது. தலையை ஒரு தடவை ஆட்டினார். எங்கள் வீட்டில் அது முழு மதிப்பெண். அட்டையை யாரும் பார்க்கவில்லை. ஆட்டோ வந்துவிட்டது.

சர்ச்சில் பாடகர் குழு எழுந்து நின்று புத்தகங்களை உயர்த்தியது. இரண்டாம் வரிசையில் ஒரே ஒரு சிலுவை தலைகீழாக நின்றது.

யாரோ புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த யாரோ அம்மா. பிறகுதான் உம்மா சொன்ன வலது கைப் பக்கம் ஞாபகம் வந்தது. அரபுக் கிதாபு வலமிருந்து திறக்கும், அதனால் முதுகு வலப்பக்கம். தமிழ்ப் புத்தகத்தின் முன்னட்டையை மேலே வைத்து, முதுகையும் வலப்பக்கம் வைத்தால், புத்தகம் தலைகீழாகப் படுத்திருக்கிறது என்று அர்த்தம். அதன் மேல்தான் நான் ஸ்கேல் வைத்து அளந்திருக்கிறேன்.

பக்கத்தில் இருந்த பெரியம்மா, அம்மாவின் பள்ளிக்கூடத்தில் முன்பு வேலை பார்த்தவர், தலையைச் சாய்த்துப் பார்த்தார். நிமிர்த்திப் பார்த்தார். என் காதுக்குள் வந்தார்.

"ஏட்டி, உங்க அம்மா புத்தகத்தைத் தலைகீழால்லா பிடிச்சிருக்கா?"

"ஆமா பெரியம்மா."

"அப்ப அவ்வளவும் மனப்பாடமா?"

நான் பதில் சொல்வதற்குள் அம்மாவின் இரண்டு வரி வந்துவிட்டது. ஆர்கன் அடங்கியது, மற்றவர்கள் நிறுத்தினார்கள். அம்மா புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே பாடினார். முதல் வரி முடிந்தது. குறி போட்ட இடத்தில் மூச்சு விட்டார். நானும் விட்டேன். இரண்டாவது வரி முழுதாக, நேராக, ஆண்கள் பக்கத்தின் கடைசி பெஞ்சு வரைக்கும் போனது. அப்பா அங்கேதான் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு எழுத்துகூடப் பிசகல பாத்தியா" என்றார் பெரியம்மா, எனக்குப் பின்னால் இருந்தவரிடம்.

ஆராதனை முடிந்து எல்லாரும் பந்தலில், சபையே சேர்ந்து உண்ணும் அசனச் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றோம். அம்மாவிடம் ஒவ்வொருவராக வந்து, புத்தகமே பார்க்காமல் பாடியதற்காகப் பாராட்டினார்கள். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பாராட்டை மறுப்பது மரியாதை இல்லை என்று சிரித்து வைத்தார். ஐயர், எங்கள் ஊரில் போதகரை அப்படித்தான் சொல்வோம், சாம்பார் வாளியோடு வந்தார். அம்மாவின் கக்கத்தில் இருந்த புத்தகத்தைப் பார்த்தார்.

"கவலைப்படாதீங்கம்மா. அப்போஸ்தலர்ல ஒருத்தரையே தலைகீழாத்தான் சிலுவையில அறைஞ்சாங்க. தப்பொண்ணுமில்ல" என்று சொல்லி, ஒரு கரண்டி ஊற்றிவிட்டு அடுத்த இலைத்தட்டுக்குப் போனார்.

அம்மா புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். திருப்பினார். திறந்தார், மூடினார், மறுபடி திருப்பினார். பிறகு வரிசையில் என்னைத் தேடினார்.

"ஏட்டி" என்றார். அவ்வளவுதான். புத்தகத்தை முன்னட்டை உள்பக்கம் வருகிற மாதிரி கக்கத்தில் மாற்றி வைத்துக்கொண்டார்.

வீட்டில் நானே ஆரம்பித்தேன். "சூடு காட்டி உரிச்சு, நேரா ஒட்டித் தந்திருதேன்."

"அதைத் தொடாத."

"தலைகீழா இருக்கேம்மா."

"எனக்கு வேண்டியது உள்ள இருக்கு. அது நேரா இருக்கு. இன்னொரு தடவை பிரிச்சு, என் மூச்சை எங்கயாவது தொலைச்சிருவ."

இப்போது அந்தத் தோலட்டைக்கு மேல் பழைய காலண்டர் தாளில் ஓர் அட்டை போட்டிருக்கிறார், வெள்ளைப் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி. பெரியம்மாவிடம் உண்மையை இன்னும் சொல்லவில்லை. கேட்டால், "விடை சரியாத்தான இருந்துச்சு" என்கிறார்.

தோல்கட்டு இன்னும் முக்கால்வாசி மிச்சம். நேற்று காலை லேப்டாப்பைத் திறக்க வந்தால், அதன் மேல் அம்மாவின் வேதப்புத்தகம் இருந்தது. முதுகு இரண்டாகப் பிளந்திருந்தது. முன்னட்டையில் சாக்பீஸால் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி. திருப்பிப் பார்த்தேன். பின்னட்டையிலும் ஓர் அம்புக்குறி, பக்கத்தில் 'இது பின்பக்கம்' என்று கரும்பலகைக் கையெழுத்தில்.

உள்தாள்களை விரலில் எடுத்துப் பார்த்தேன். வெங்காயத் தோல் மாதிரி இருந்தன. இவ்வளவு மெல்லிய தாளுக்கு இந்தத் தோலின் அரை மில்லிமீட்டர் கனம் ஜாஸ்தி, அட்டையின் மடிப்பிலேயே முட்டும். பர்ஸுக்கும் பெல்ட்டுக்கும் போதாத தோல், முதல் முறையாக அதிகமாக இருக்கிறது. சனிக்கிழமை கத்தியைத் தீட்டி, கண்ணாடித் துண்டின் மேல் தோலை விரித்து, ஓரங்களைப் பாதியாகச் சீவிப் பார்க்கப்போகிறேன். முதலில் பர்ஸ் செய்த துண்டில். சிலுவை கிடையாது.