கோழிகளை அடைத்துவைத்த கோடை

நான் ஐந்தாவது படித்த வருஷம், விளாத்திகுளத்துக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ஊரில் கோழிகளுக்குக் கழிச்சல் நோய் வந்தது. காலையில் கூடையைத் திறந்தால் எந்த வீட்டிலாவது ஒன்றிரண்டு விறைத்துக் கிடக்கும். அம்மா எங்கள் கோழிகளை வெளியே விடாமல், பருத்தி போட்டுவைக்கும் உள்ளறையில் அடைத்துவிட்டாள். அந்த அறையில்தான் சித்தப்பாவும் படுத்திருந்தார்.

அவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தவர். கல்யாணமான மறுவருஷமே சித்தி காய்ச்சலில் இறந்துபோனாள். காரியம் முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்து பாயில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டு வைத்த இடத்தில் வைத்தபடியே இருக்கும். அப்பா லாரியில் வடக்கே போயிருந்தார். அம்மா விடிந்ததும் மிளகாய்ப் பழம் பறிக்கப் போய், சாயங்காலம் கை எரிய எரிய வந்து அந்தத் தட்டை எடுப்பாள். சத்தம் போடக்கூட அவளுக்குத் தெம்பில்லை. பருத்திக்கு அடிக்கும் பூச்சிமருந்து டப்பாவை மட்டும் அறையிலிருந்து எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவைத்தாள். கோழி கொத்திவிடும் என்றாள்.

அடைத்த சில நாளிலேயே கோழிகள் ஒன்றையொன்று கொத்த ஆரம்பித்தன. சாம்பல் நிறப் பெட்டைக்கு முதுகில் இறகே இல்லை, ரத்தம் கசிந்தது. நான் அழுதேன். வேலையிலிருந்து வந்த அம்மா, தலைத்துண்டை அவிழ்க்காமலே அறை வாசலில் சாய்ந்து நின்றாள்.

"தம்பி, எனக்கு ஏலல. அதுகள என்னன்னு கொஞ்சம் பாருங்களேன்."

சித்தப்பா படுத்தவாக்கிலேயே வெகுநேரம் கோழிகளைப் பார்த்தார். "அதுகளுக்கு வேல இல்ல மைனி. அதான் கொத்துது" என்றார். அவர் குரல் எனக்கே மறந்துபோயிருந்தது.

மறுநாள் உடைந்த சிமெண்டுச் சட்டியில் மணலும் அடுப்புச் சாம்பலும் கொட்டிவைத்தார். கோழிகள் அதில் புரண்டு புரண்டு குளித்தன. முருங்கைக் கீரையைக் கொத்தாகக் கட்டி, எட்டிக் கொத்தும் உயரத்தில் தொங்கவிட்டார். கம்புத் தானியத்தைத் தட்டில் வைக்காமல் சருகுக்குள் தூவினார், கிளறித் தின்னட்டும் என்று. உட்கார்வதற்கு வேப்பங்கம்பு குறுக்கே கட்டினார். கொத்துவது குறைந்தது.

பிறகு கோழிகளுக்குத் தீனியாகக் கரையான். "ஏட்டி, சாணி அள்ளிட்டு வா" என்று என்னை அனுப்புவார். பழைய பானையில் சாணியையும் கிழிந்த சாக்கையும் திணித்து, சாயங்காலம் கம்மாய்க்கரைப் புற்றில் கவிழ்த்துவிட்டு வருவார். காலையில் போய் எடுத்தால் பானை நிறையக் கரையான். போகும்போதும் வரும்போதும் யாராவது நிறுத்திப் பேசுவார்கள். அவரும் நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அம்மா வந்ததும் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். மூடியபடியே, "இன்னைக்குக் கோழிக்கு என்ன போட்டீக தம்பி?" என்று கேட்பாள். அவர் சொல்லிக்கொண்டே சாப்பிடுவார். பாதிக் கதையில் அவள் தூங்கியிருப்பாள்.

பங்குனிப் பொங்கல் முடிவதற்குள் நோய் அடங்கிவிட்டது. தெருவில் மிஞ்சிய கோழிகள் குப்பையைக் கிளறத் தொடங்கின. எங்கள் வீடு மட்டும் நாறிக்கொண்டே இருந்தது.

"எம்மா, நம்ம கோழியவும் தொறந்து விடும்மா."

"இன்னுங் கொஞ்ச நாள் கெடக்கட்டும்."

எத்தனை தடவை கேட்டாலும் அதே பதில். எனக்குக் கோபமாக வந்தது. இவ்வளவு களைப்பிலும் ஞாயிற்றுக்கிழமைதோறும் எச்சத்தை வாரிக் கழுவுகிறவள் அவள்தானே.

ஒருநாள் காலை சித்தப்பா முகம் வழித்து, சட்டை போட்டு வந்து நின்றார். "கோவில்பட்டியில ஒரு தையக்கடையில ஆள் கேட்டாவளாம் மைனி. போயிட்டு வாரேன்."

பஸ் புறப்பட்ட சத்தம் கேட்டதும் அம்மா உள்ளறைக் கதவை அகலத் திறந்தாள். கோழிகள் முதலில் தயங்கின. அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக வெயிலுக்குள் இறங்கின. மிளகாய் பறிக்கும் ஆட்களை ஏற்றும் வேன் வந்து ஹாரன் அடித்தது. அம்மா வாசற்படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. வேன் போய்விட்டது.

தெருவிலுள்ள மற்ற கோழிகளுக்கெல்லாம் முன்பே தீர்ந்த நோய், எங்கள் கோழிகளுக்கு மட்டும் தீர ஏன் இத்தனை நாளானது என்று யோசித்தபடி நான் அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.