கப்பலில் போன கம்பளித் தொப்பி

நான் கற்ற முதல் ஜெர்மன் சொல் வணக்கமும் அல்ல, நன்றியும் அல்ல. ‘கெஷ்லோசன்.’ மூடியிருக்கிறது என்று அர்த்தம். எண்பத்து நாலாம் ஆண்டு பேர்ண் நகரில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். கழுவுகிற தொட்டிக்கு மேலே ஒரு பழைய வானொலி இருந்தது. காலையில் அது மலைப்பாதைகளின் நிலைமையை வாசிக்கும். கிரிம்சல் கணவாய், கெஷ்லோசன். சுஸ்தன் கணவாய், கெஷ்லோசன். சித்திரை பிறந்து மரமெல்லாம் துளிர்த்த பிறகும் அந்த வானொலிக்காரர் இழவுச் செய்தி சொல்கிற குரலில் இதையே வாசிப்பார். எங்கள் ஊரில் கணவாய் என்றால் சட்டியில் குழம்பாகக் கிடக்கிற மீன். மலைக்கு நடுவே வண்டி ஏறி இறங்குகிற வழிக்கும் அதுதான் பெயர் என்று புவியியல் பாடத்தில் படித்ததோடு சரி. அது மூடும் என்பதும், மூடினால் மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும் என்பதும் இங்கே வந்துதான் தெரிந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் ஒரே அக்கா அப்போது இன்னொரு மலைநாட்டில் இருந்தாள்.

லெசோத்தோ என்று பெயர். வரைபடத்தில் பார்த்தால் தென்னாபிரிக்காவின் வயிற்றுக்குள் ஒரு ஓட்டை மாதிரி இருக்கும். நாலு பக்கமும் அந்த ஒரே நாடுதான். கடல் கிடையாது. அந்த நாட்டின் ஆகத் தாழ்ந்த இடமே பேர்ணைவிட இரண்டு மடங்குக்கு மேல் உயரம். அத்தான் கணித ஆசிரியர். எங்கள் ஊர்க் கணித வாத்திமார் ஆபிரிக்கா முழுக்கப் பரவிய காலம் அது. அவருக்குக் கிடைத்தது அந்த நாட்டின் உள்மலையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடம். நிறவெறி ஆட்சி நடந்த தென்னாபிரிக்காவுக்குள் எங்கள் கடவுச்சீட்டோடு கால் வைக்க முடியாது. அதனால் மொசாம்பிக்வரை பறந்து, அங்கிருந்து ஒரு குட்டி விமானத்தில் தலைநகர் மசேருவுக்குப் போய், பிறகு ஒரு நாள் முழுக்க ஜீப்பில் குலுங்கித்தான் போய்ச் சேர்ந்தார்கள்.

அக்காவின் முதல் கடிதம் நான் ஊரில் இருக்கும்போதே வந்தது. ஆண்கள் பகலிலும் போர்வை போர்த்திக்கொண்டு குதிரையில் போகிறார்கள், வைக்கோலில் கூம்புத் தொப்பி பின்னிப் போடுகிறார்கள், வீடுகள் எல்லாம் வட்டமாகக் கல்லால் கட்டிப் புல் வேய்ந்தவை என்றெல்லாம் எழுதிவிட்டு, ‘இந்த நாட்டை ஆபிரிக்காவின் சுவிஸ் என்று சொல்லுகினம்’ என்று முடித்திருந்தாள். நான் நிஜ சுவிசுக்கு வந்து சேருவேன் என்று அப்போது அவளும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

வந்த வருஷம் ஆடி மாதம் அவளிடமிருந்து அடுத்த கடிதம். பேர்ணில் அன்றைக்கு நல்ல வெயில். சனம் ஆற்றில் குதித்து நீந்திக்கொண்டிருந்தது. நான் உணவகத்தின் பின்படியில் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து கடிதத்தைப் பிரித்தால், ‘தம்பி, இங்கே யன்னல்வரை பனி. ஜீப் வரவில்லை. பள்ளிக்கூடம் பூட்டியாச்சு’ என்கிறாள். ஆடியிலேயே இப்படி என்றால் தையில் எப்படி இருக்கும்?

அந்தக் கேள்விதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

என்னோடு அறையில் இருந்தவர் ஒரு அண்ணை. ஊரில் தபாற்கந்தோரில் வேலை பார்த்தவர். எல்லாம் தெரிந்தவர் மாதிரிப் பேசுவார், பாதி தெரிந்தும் இருக்கும். கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு அவரும் தலையை ஆட்டினார்.

“கோடையிலையே யன்னல் உயரம் எண்டால், மாரியிலை கூரையும் தெரியாது போல கிடக்கு. பாவம் பெட்டை.”

ஐப்பசியில் அக்கா இன்னொரு கடிதம் எழுதினாள். அவள் கர்ப்பம். தை முடிவில் பிள்ளை பிறக்கும். இதற்கு முன், ஊரில் இருந்தபோது, இரண்டு தரம் கரு தங்கவில்லை. இரண்டாவது தரம் அவள் என்னோடு ஒரு மாதம் பேசவே இல்லை, யாரோடும் பேசவில்லை. அதனால் அந்தக் கடிதத்தில் சந்தோஷம் என்று ஒரு சொல் இல்லை. தேதியை மட்டும் எழுதியிருந்தாள். எனக்கு சந்தோஷமும் பயமும் ஒன்றாக வந்தன. பயம்தான் முன்னால் நின்றது. தை மாதம், மலை உச்சி, பச்சைக் குழந்தை.

உணவகத்து முதலாளியம்மாவிடம் எனக்குத் தெரிந்த ஜெர்மனையும் கையையும் வைத்து விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனுசி. பேச்சை வீணாக்காமல் பின்னல் ஊசியை எடுத்துவிட்டாள். சில நாளில் சிவப்புக் கம்பளித் தொப்பி ஒன்று, சட்டை ஒன்று, பொம்மைக்குப் போடுகிற அளவில் காலுறை இரண்டு. நான் ஒரு கம்பளிப் போர்வையும் வாங்கிச் சேர்த்துப் பொதி கட்டினேன்.

அறையில் அதைக் கண்டதும் அண்ணையின் முகம் மாறிவிட்டது.

“உமக்கு விசரோ? பிள்ளை பிறக்க முந்தி ஆரும் உடுப்பு வாங்குறதோ?”

“அங்கை குளிர், அண்ணை.”

“குளிர் இருக்கட்டும். ரெண்டு தரம் இழந்த பெட்டைக்கு இதைச் செய்யலாமோ எண்டு கேக்கிறன்.”

எங்களிடையே அது எழுதாத சட்டம். பிள்ளை பிறந்து அழுகிற சத்தம் கேட்கும்வரை ஒரு துண்டுத் துணிகூட வீட்டுக்குள் வராது. பழஞ்சேலையில்தான் முதலில் சுற்றுவார்கள். தாய்மாமன் கொடுக்கிறதெல்லாம் முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிந்த பிறகுதான். எனக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் முப்பத்தோராம் நாள்வரை குளிர் காத்திருக்குமா என்று எனக்குக் கோபம் வந்தது. அண்ணையோடு வாய்க்கு வாய் பேசிவிட்டு, பொதியைத் தூக்கிக்கொண்டு தபாற்கந்தோருக்கு நடந்தேன். விமானத் தபாலுக்கு எனக்குக் கட்டுபடியாகவில்லை. கப்பல் தபாலில் போட்டேன். கடல் இல்லாத ஒரு நாட்டிலிருந்து கடல் இல்லாத இன்னொரு நாட்டுக்குக் கப்பல் தபால். கவுண்டரில் இருந்தவர் முத்திரையைக் குத்தும்போது ஏதோ சொல்லிச் சிரித்தார். எனக்கு விளங்கவில்லை. நானும் சிரித்துவைத்தேன்.

போட்டு வந்த நாளிலிருந்து எனக்கு நித்திரை சரியில்லை. அண்ணை சொன்னது உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது.

மார்கழி கடைசியில் வந்த கடிதம் இன்னும் மோசம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, மலைக்குள் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரி போதாது, தை நடுவில் தலைநகருக்கு இறங்கிவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பள்ளிக்கூட ஜீப்பில் போவார்களாம். வழியில் ஒரு கணவாய் உண்டு. அந்தச் சனங்களின் மொழியில் அதற்கு ‘மொலிமோ நுத்துசே’ என்று பெயர். அக்கா பக்கத்தில் அர்த்தமும் எழுதியிருந்தாள்: கடவுளே, எனக்கு உதவி செய்.

நான் அதை அண்ணைக்கு வாசித்துக் காட்டினேன்.

“சும்மா ஒருத்தரும் அப்பிடிப் பேர் வைக்கமாட்டினம்,” என்றார்.

அந்தத் தை மாதம் பேர்ணில் அடித்த குளிரை இன்றைக்கும் ஆட்கள் சொல்லிக் காட்டுவார்கள். மூக்கு மயிர் விறைக்கும். மூச்சு விட்டால் கழுத்துத் துண்டு வெள்ளையாகும். வானொலிக்காரர் வழக்கம்போல வாசித்தார். கிரிம்சல், கெஷ்லோசன். சுஸ்தன், கெஷ்லோசன். இவ்வளவு இயந்திரம் வைத்திருக்கிற சுவிஸ்காரனே கணவாயைப் பூட்டிவிட்டு வீட்டில் இருக்கிறான். அங்கே ஒரு பழைய ஜீப்பில், நிறைமாதக்காரி, கடவுளே உதவி செய் என்று பெயர் வைத்த இடத்தைக் கடக்கப் போகிறாள். என் கையில் இருந்த அகதித் தாளை வைத்துக்கொண்டு பக்கத்து நாட்டுக்கே போக முடியாது. லெசோத்தோவுக்கு எங்கே போக?

ஆகவே தந்தி அடித்தேன். அண்ணைதான் இங்கிலீசில் சொற்களை ஒழுங்குபண்ணித் தந்தார், தபாற்கந்தோர்க்காரர் அல்லவா. ‘பனி ஆபத்து. கணவாயைக் கடக்க வேண்டாம். நிற்கிற இடத்தில் நில்லுங்கள்.’ அனுப்பிவிட்டு வெளியே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அக்கா என் சொல்லைக் கேட்டு மலையிலேயே நின்றுவிட்டால் குறுக்கே கிடக்கிற பிள்ளையை யார் எடுப்பது? நின்றாலும் ஆபத்து, இறங்கினாலும் ஆபத்து. இரண்டுக்கும் நடுவே நான் ஒரு தந்தியை வேறு தள்ளிவிட்டிருந்தேன்.

பதில் இல்லை. தை மாதம் நகர்ந்துகொண்டே போனது. வேலையில் இரண்டு கண்ணாடிக் கோப்பை உடைத்தேன். அண்ணை அந்த உடுப்புக் கதையைப் பிறகு ஒரு தரமும் எடுக்கவில்லை. அவர் எடுக்காமல் இருந்ததுதான் எனக்குப் பெரிய பயம்.

ஒரு நாள் மத்தியானச் சமையல் சூடு பிடிக்கிற நேரம், முதலாளியம்மா சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, “ஆஃப்ரிக்கா,” என்று மட்டும் சொன்னாள். எங்கள் அறையில் தொலைபேசி கிடையாது. உணவகத்து இலக்கத்தைத்தான் அக்காவுக்கு எழுதியிருந்தேன். சவர்க்கார நுரையோடு ஓடிப்போய் எடுத்தேன். கடலுக்கு அடியிலிருந்து கேட்கிற மாதிரி இரைச்சல்.

“தம்பி, நான் அக்கா கதைக்கிறன். மசேருவிலை இருந்து.”

“அக்கா, கணவாயைக் கடந்தனீங்களோ? நான் வேண்டாமெண்டு தந்தி அடிச்சனான். பனி எப்பிடி? ஜீப் சறுக்கினதோ?”

ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

“என்ன பனியடா?” என்றாள். “இஞ்சை வெயில் கொளுத்துது. நான் யன்னலைத் திறந்துவிட்டிட்டு பீச் பழம் சாப்பிட்டுக்கொண்டு கிடந்தனான். வழியெல்லாம் பீச் மரம். ஜீப்பை நிப்பாட்டி நிப்பாட்டிப் புடுங்கினவை.”

“தை மாதமல்லோ?”

“ஓம், தை மாதம். இஞ்சை தையிலைதான் கோடை. நீ ஏ.எல். பரீட்சைக்குப் புவியியல் எடுத்தனியல்லோ, மடையா?”

எடுத்தவன்தான். பூமி சாய்ந்திருக்கிறது, மேலே மாரி என்றால் கீழே கோடை என்று படம் கீறி, நிறம் தீட்டி, புள்ளி வாங்கியவன். எங்கள் ஊரில் மாரியிலும் கோடையிலும் ஒரே சாரத்தைக் கட்டிக்கொண்டு திரிந்தவனுக்கு அது பரீட்சைத் தாளில் மட்டும் இருந்த விஷயம். ஒரே ஒரு சுவிஸ் குளிரைப் பார்த்துவிட்டு, உலகத்து மலைக்கெல்லாம் தையில்தான் பனி என்று முடிவு கட்டியிருக்கிறேன். அவள் ஆடியில் எழுதியது அவளுடைய மாரி.

“தந்தியை அத்தான் நேற்றுத்தான் கொண்டுவந்து தந்தவர்,” என்றாள். “வாசிச்சுப்போட்டு ரெண்டுபேரும் சிரிச்ச சிரிப்பிலை தையல் போட்ட இடம் நொந்துபோச்சு.”

“என்ன தையல்?”

“வயித்திலை கீறித்தானே எடுத்தவை. பெட்டைப் பிள்ளை. நல்லா இருக்கிறாள். கேள்.”

தொலைபேசியை எங்கேயோ பிடித்தாள். இரைச்சலுக்கு நடுவே ஒரு சிணுங்கல், பிறகு தொண்டை கிழிகிற மாதிரி ஓர் அழுகை. ஏழு கடல் தாண்டி அந்தச் சத்தம் வந்து என் காதுக்குள் விழுந்தது. கவுண்டருக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெட்கமில்லாமல் அழுதேன். முதலாளியம்மா பயந்துபோய்க் குனிந்தாள். நான் சிரிப்பதையும் கண்டதும் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. “நல்லது, எல்லாம் நல்லது,” என்று அவளுக்குத் தமிழிலேயே சொன்னேன். அவளுக்கு விளங்கிவிட்டது.

அன்று அறைக்குப் போனதும் அண்ணையிடம் சொன்னேன். அவர் சாமிப் படத்துக்கு முன் கற்பூரம் கொளுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“பீச் பழமோ,” என்றார். “எங்களைப் போல புத்திசாலியள் பேர்ணிலை இல்லை.”

பிறகு இருவரும் வயிறு நோகச் சிரித்தோம். கனநாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் சோறு சோறாக இறங்கியது. ஒரே கவலை அந்தப் பொதி. கொளுத்துகிற வெயிலில் கம்பளித் தொப்பி போய் இறங்கினால் அக்கா சாகும்வரை சொல்லிச் சிரிப்பாள். அது போய் இறங்கவே இல்லை. மாசி போனது, பங்குனி போனது, ஒரு தகவலும் இல்லை. தொலைந்துவிட்டது, நல்லதுக்குத்தான் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த ஆடியில், பேர்ண் சனம் மறுபடி ஆற்றில் குதிக்கிற ஒரு நாள், அதே பின்படியில் வியர்வை வழிய உட்கார்ந்து அக்காவின் கடித உறையைப் பிரித்தேன். உள்ளே ஒரு படம் மட்டும் இருந்தது. வட்ட வீட்டு வாசல், கூரைவரை பனி. அக்கா உள்ளூர்ப் பெண்கள் மாதிரிப் போர்வை போர்த்திக்கொண்டு நிற்கிறாள். கையில் பிள்ளை. தலையில் சிவப்புத் தொப்பி காதுவரை இறங்கியிருக்கிறது, ஆறு மாதத் தலைக்கு அளவெடுத்த மாதிரி.

படத்தின் பின்பக்கம் பிள்ளை சொல்வதுபோல அக்கா எழுதியிருந்தாள்: ‘மாமா, எனக்குக் குளிரேல்லை.’