குங்குமம் வைக்க ஒரு மேசை

பெங்களூரு வைட்ஃபீல்டில் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு புது விதி வந்தது. இனி யாருக்கும் சொந்த மேசை கிடையாது. முதலில் வருகிறவர் கிடைத்த இடத்தில் உட்காரலாம், சாயங்காலம் துடைத்து வைத்துவிட்டுப் போக வேண்டும். அதை அமல்படுத்தியவர்கள் நானும் பக்கத்து அணியின் தலைவியும். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். விதிக்குத் தலையாட்டியதும் சேர்ந்துதான். பிறகு அவள் தன் கேபினைக் காலி செய்துவிட்டு எல்லோரோடும் போய் உட்கார்ந்தாள். அவளை யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நான் என் கேபினிலேயே இருந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு பேச வேண்டிய விஷயங்கள் எனக்கு இருந்தன.

முணுமுணுப்பு அதிகமானதும், மனதில் இருப்பதைச் சொல்லுங்கள் என்று இரண்டு அணிகளையும் கூட்டினோம். சொல்லித் தீர்த்தார்கள். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் சீட்டுக்குத் துண்டு போடுகிற மாதிரி இருக்கிறது என்றார் ஒருவர். என் அணியில் டெஸ்டிங் பார்க்கும் பெண் கடைசியாக எழுந்தாள்.

"ஒந்து நிமிஷ சார்," என்று கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழுக்கு மாறினாள். "நாளைக்கு ஆபீஸ்ல ஆயுத பூஜை. வருஷா வருஷம் என் சிஸ்டத்துக்கு நான்தான் குங்குமம் வெப்பேன். இப்ப எதுக்கு வெக்கிறது?"

எல்லோரும் சிரித்தார்கள். ரிசப்ஷனில் பொதுவாக ஒரு பூஜை உண்டு, பூசணிக்காய் உடைப்போம், எல்லோருக்கும் கடலைப்பொரி தருவோம் என்றேன். பண்பாடு மேசையில் இல்லை, மனதில்தான் இருக்கிறது என்றும் சொன்னேன். அந்த வாக்கியம் எனக்கே பிடித்திருந்தது. சிரிப்பு நின்றுபோயிற்று.

பக்கத்து அணித் தலைவி மைக்கை வாங்கினாள்.

"உங்கள கேக்காமலே சீட்ட எடுத்துட்டோம். தப்புதான். நாளைக்கு அவங்கவங்க பழைய சீட்டுக்கே போய் பூஜை பண்ணுங்க. மத்தத நான் மேல பேசுறேன்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. என் அணிதான் அதிகம் தட்டியது. நானும் தட்டினேன், வயிறு எரிய எரிய. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். சீட்டைப் பிடுங்கியதில் அவளுக்கும் பாதிப் பங்கு உண்டு, மன்னிப்பு மட்டும் முழுக்க அவளுக்கே போயிற்று. அவள் சம்பளமோ பதவியோ எனக்கு வேண்டாம். என் ஆட்கள் அவளைப் பார்த்தபோது அவர்கள் முகம் மலர்ந்ததே, அதுதான் எனக்கு வேண்டும். அவர்களுடைய பதவி உயர்வுக்காக மேலிடத்தில் சண்டை போட்டவன் நான். அது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

மறுநாள் தளம் முழுக்கச் சாமந்திப்பூ வாசனை. ஆளாளுக்குப் பழைய மேசையைத் துடைத்துப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். டெஸ்டிங் பெண் தட்டோடு என் கேபின் பக்கம் வருவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. மேசை மேலிருந்த காகிதங்களை ஒதுக்கினேன். என் லேப்டாப்பை நேராக வைத்து, சட்டைக் கையால் ஒரு தடவை துடைத்தும் விட்டேன்.

அவள் கதவைத் தட்டினாள். "சார், மேடம் லேப்டாப்ப இங்க சார்ஜ் போட்ருக்காங்களாமே?"

பக்கத்து அணித் தலைவியின் லேப்டாப் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த ஓரத்து ஸ்டூலைக் காட்டினேன். குனிந்து அந்த லேப்டாப்புக்குச் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, மேலே பூவும் வைத்துக் கும்பிட்டாள். நிமிர்ந்தபோதுதான் என் லேப்டாப் அவள் கண்ணில் பட்டது.

"உங்களுக்கும் வெக்கட்டுமா சார்?"

"வைம்மா."

தட்டைத் துழாவினாள். "பூ காலி ஆயிடுச்சு சார். குங்குமம் மட்டும் வெக்கிறேன்."